கையெழுத்துப் போடும் இன்ஜினியர்

மேல்காற்று வீசும் மாதங்களில் விமானங்கள் கடல் பக்கமிருந்து வந்து, அடையாறுக்கு மேலே தாழப் பறந்து மீனம்பாக்கத்தில் இறங்கும். மொட்டை மாடியில் துணி உலர்த்துகிறவர்களுக்குச் சக்கரம்கூடத் தெரியும். அந்த விமானத்தில் ஒரு பாகத்தைக் கழற்றி மாட்டினால், ‘இனி பறக்கலாம்’ என்று ஒருவர் கையெழுத்திட வேண்டும். அவர்தான் ஏ.எம்.இ., விமானப் பராமரிப்பு இன்ஜினியர்.

பி.இ. ஏரோநாட்டிகல் படித்தால் அந்தக் கையெழுத்தைப் போடலாம்தானே என்று கேட்கிறார்கள் பெற்றோர்கள். முடியாது. அப்துல் கலாம் படித்த குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் பட்டம் வாங்கியவர் விமானத்தை வடிவமைக்கலாம். கையெழுத்துப் போட, விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் மத்திய அரசு அமைப்பான டி.ஜி.சி.ஏ. தரும் லைசென்ஸ் வேண்டும். பட்டம் வேறு, லைசென்ஸ் வேறு.

பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதம் படித்தவர்கள் ஏ.எம்.இ. படிப்பில் சேரலாம். இயந்திரப் பக்கம் என்றால் பி-1, மின்னணுப் பக்கம் என்றால் பி-2. பாடங்களை மாட்யூல் என்பார்கள். ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு 75 எடுத்தால்தான் தேர்ச்சி. நம் ஊர் 35 இங்கே செல்லாது! லைசென்ஸ் வந்த பிறகும், ஏர்பஸ் 320, போயிங் 737 என்று அந்தந்த ரகத்துக்குத் தனியாக டைப் ரேட்டிங் வாங்க வேண்டும்.

இத்தனை கெடுபிடி ஏன்? 1990 ஜூன் 10. பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் ஒன்று பர்மிங்காமிலிருந்து கிளம்பி 17,000 அடியைத் தாண்டியபோது, விமானியின் முன்கண்ணாடி பிய்த்துக்கொண்டு போனது. விமானி இடுப்புவரை வெளியே இழுக்கப்பட்டார். சிப்பந்திகள் அவர் காலை விடாமல் பிடித்துக்கொள்ள, துணை விமானி பத்திரமாகத் தரையிறக்கினார். விமானியும் பிழைத்தார். முந்தைய நாள் அதிகாலையில் மாட்டிய கண்ணாடி அது. 90 போல்ட்டுகளில் 84 சற்றே மெலிந்தவை. வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. மாட்டியவர் அனுபவசாலிதான். பாகங்களின் பட்டியலைப் பார்க்காமல், பழைய போல்ட்டோடு ஒப்பிட்டுக் கண்ணளவில் எடுத்துவிட்டார்.

மனிதர் எப்படித் தவறுகிறார் என்பதற்கே ஒன்பதாவது மாட்யூலை ஒதுக்கியிருக்கிறார்கள். தூக்கம் கெட்ட இரவு, அவசரம், ‘எனக்குத் தெரியாததா’ என்கிற எண்ணம் எல்லாம் அதில் பாடம். என்னைக் கேட்டால், மற்றதைவிட இதுதான் முக்கியம்.

பெற்றோர்களே, பணம் கட்டுமுன், பிள்ளையைச் சேர்க்கப்போகும் ஏ.எம்.இ. பள்ளிக்கு, பயிற்சி நடத்துவதற்கான சி.ஏ.ஆர். 147 அங்கீகாரம் இன்று நடப்பில் இருக்கிறதா, பி-1க்கா, பி-2க்கா என்று டி.ஜி.சி.ஏ. இணையதளத்திலேயே பார்த்துவிடுங்கள். விளம்பரப் பலகையில் இருக்கும் விமானப் படத்தை நம்பிச் சேர்க்காதீர்கள்.