அயல்நாட்டுக் கொள்கையில் மனித உரிமையின் இடம்



வெள்ளி விழா மேடையில் அயல்நாட்டுக் கொள்கையைப் பற்றிய பேச்சு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். மாணவர் விடுதியும் உதவித்தொகையும் நம் கவலைகள். அயல்நாட்டுக் கொள்கை தில்லியில் இருப்போரின் கவலை என்பது பொதுவான கருத்து. அக்கருத்து சரியன்று என்பதற்குத் தென்னாப்பிரிக்காவின் வரலாறே சான்று.

1860ஆம் ஆண்டு சென்னையிலிருந்து 'ட்ரூரோ' என்னும் கப்பல் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு நேட்டாலுக்குச் சென்றது. அதனைத் தொடர்ந்து பல கப்பல்கள் சென்றன. கரும்புத் தோட்டங்களில் உழைக்கப் போனவர்களில் தமிழர் பலர். ஒடுக்கப்பட்ட சாதிகளில் பிறந்தோரும் பலர். அங்கு வாழ்ந்த இந்தியர்கள் நிலம் வாங்குவதையும் குடியிருப்பதையும் கட்டுப்படுத்தும் சட்டமொன்றைத் தென்னாப்பிரிக்க அரசு 1946இல் இயற்றியது. அப்போது இந்தியா விடுதலை பெற்றிருக்கவில்லை. ஆயினும் அந்நாட்டுடன் வணிக உறவைத் துண்டித்தது. தன் உயர் ஆணையரைத் திரும்ப அழைத்தது. ஐக்கிய நாடுகள் சபையில் முறையிட்டது.

அந்நாட்டின் பிரதமர் ஸ்மட்ஸ் கூறிய மறுமொழி என்ன? இஃது எங்கள் உள்நாட்டு விவகாரம், இதில் தலையிடச் சபைக்கு அதிகாரம் இல்லை என்பதே. விசயலட்சுமி பண்டிட் தலைமையில் சென்ற இந்தியக் குழு அதனை ஏற்கவில்லை. மனித உரிமைகளைப் போற்றுவோம் என்று சாசனத்தில் ஒப்பமிட்ட நாடு அவற்றை மீறினால், அது உலகம் கேட்க வேண்டிய கேள்வி என்பதே இந்தியாவின் நிலை. 1946 டிசம்பர் 8ஆம் நாள் 32 நாடுகள் ஆதரித்தும் 15 நாடுகள் எதிர்த்தும் வாக்களித்தன. 7 நாடுகள் நடுநிலை வகித்தன. தீர்மானம் நிறைவேறியது. 'உள்நாட்டு விவகாரம்' என்னும் திரையை முதலில் கிழித்த நாடுகளுள் நம் நாடும் ஒன்று. இதில் நாம் பெருமை கொள்ளலாம்.

ஆனால் வல்லரசுகள் உரிமையைத் தம் நலன் என்னும் தராசில் வைத்தே நிறுத்தன. தென்னாப்பிரிக்காவைச் சபையிலிருந்து வெளியேற்ற 1974இல் முயன்றபோது அமெரிக்காவும் பிரிட்டனும் பிரான்சும் இரத்து அதிகாரத்தால் தடுத்தன. கட்டாய ஆயுதத் தடை 1977இல்தான் வந்தது. அமெரிக்காவில் மாணவர்களும் தேவாலயங்களும் கறுப்பின மக்களும் ஓயாது போராடியதன் பயனாக, 1986இல் குடியரசுத் தலைவர் ரீகனின் மறுப்பையும் மீறிப் பொருளாதாரத் தடைச் சட்டம் நிறைவேறியது. 1990இல் மண்டேலா விடுதலையானார். 1994இல் அனைத்து மக்களும் வாக்களித்தனர். அரசுகள் தாமாக அறம் பேசுவதில்லை. மக்கள் பேச வைக்கிறார்கள் என்பதே இவ்வரலாறு தரும் பாடம்.

இப்பாடம் நமக்குப் புதிதன்று. அதே 1946ஆம் ஆண்டில் டாக்டர் அம்பேத்கர் அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டூ பாய்சுக்குக் கடிதம் எழுதினார். கறுப்பின மக்கள் ஐக்கிய நாடுகள் சபைக்கு அனுப்பிய மனுவின் படிகளைக் கேட்டார். தீண்டப்படாதார் என ஒதுக்கப்பட்ட மக்களும் அவ்வழியில் செல்ல எண்ணுவதை அதில் குறிப்பிட்டார்.

இனி, நாம் கேட்க வேண்டிய கேள்விக்கு வருகிறேன். இனப்பாகுபாட்டை ஒழிக்கும் சர்வதேச உடன்படிக்கை 1965இல் உருவானபோது, 'பிறப்பு வழி' என்னும் சொல் அதில் இடம்பெறக் காரணமாக இருந்தது இந்தியாவே. 1968இல் இந்தியா அதனை உறுதி செய்தது. ஆனால் 2001இல், அதே தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் இனவெறிக்கு எதிரான உலக மாநாடு கூடியபோது, சாதியை அங்கே பேசலாகாது என்று இந்திய அரசு வாதிட்டது. சாதி இனமன்று என்றது. அதனைக் களைய நம் அரசியல் சட்டமே போதும் என்றது. அடுத்த ஆண்டே, உடன்படிக்கையைக் கண்காணிக்கும் குழு, பிறப்பு வழிப் பாகுபாட்டில் சாதியும் அடங்கும் என்று தெளிவாகக் கூறியது.

சாதியும் இனமும் ஒன்றல்ல என்பதை ஒப்புக்கொள்வோம். அரசியல் சட்டத்தின் 17ஆம் விதியும், 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் நம்மிடம் உள்ளன என்பதும் உண்மை. ஆனால் சட்டம் உள்ள நாடு, அச்சட்டம் எவ்வளவு செயற்பட்டது என்று கேட்பவரைக் கண்டு அஞ்சுவானேன்? ஸ்மட்சின் வாயில் பொருந்தாத வாதம் நம் வாயில் மட்டும் எவ்வாறு பொருந்தும்? வீட்டுக் குறையை வெளியில் சொல்வது நாட்டுக்கு இழிவு என்பார்கள். குறையைச் சொல்வதில் இழிவு இல்லை. குறையை வைத்துக்கொண்டு மறைப்பதில்தான் இழிவு உண்டு.

இளைஞர்களே! அதனால்தான் கல்வி வேண்டும் என்கிறோம். பட்டம் பெறுவதோடு நில்லாதீர்கள். சட்டம் பயிலுங்கள், சாசனங்களையும் உடன்படிக்கைகளையும் படியுங்கள், நம் ஊரில் நிகழும் கொடுமையை நாள், இடம், சான்றுடன் எழுதி வைக்கக் கற்றுக்கொள்ளுங்கள். நாளை நம் பிள்ளைகளுள் ஒருவர் தூதராக அமரலாம். மற்றொருவர் மனுவோடு அவர் முன் நிற்கலாம். இருவரும் ஒரே உண்மையைப் பேசும் நாளே இக்கழகத்தின் உழைப்புக்குரிய வெற்றி நாள்.