பறவைக் காலிலே ஒரு தபால்

(வானொலி உழவர் நிகழ்ச்சிப் பேச்சின் எழுத்து வடிவம்)



ஐப்பசி, கார்த்திகை மழை பெய்து கழுவெளியில் தண்ணி நின்றதும், வெளியூர்ப் பறவைகள் கூட்டங்கூட்டமாக வந்து இறங்குவதை வருஷா வருஷம் பார்க்கிறோம். ஆரோவில் மேட்டில் விழுகிற மழையிலும் ஒரு பங்கு ஓடை வழியாக அங்கேதான் போய்ச் சேர்கிறது. பிறகு மரக்காணம் பக்கம் கழிமுகம் வழியாகக் கடலில் கலக்கிறது. அந்தக் கழுவெளி 2021-ல் பறவைகள் சரணாலயமானது. 2024-ல் ராம்சார் என்னும் உலகச் சதுப்புநிலப் பட்டியலிலும் சேர்ந்தது.

அப்படி வந்த பறவை ஒன்றின் காலிலே சின்ன உலோக வளையம் இருந்தால் என்ன செய்வீங்க? "யாரோ வளர்த்தது" என்பார் ஒருத்தர். "வேவு பார்க்க அனுப்பியது" என்பார் இன்னொருத்தர். "நமக்கேன் வம்பு" என்று கழற்றிச் சேற்றில் எறிகிறவரும் உண்டு.

வேவு என்றதும் சிரிக்காதீங்க. 2023-ல் மும்பையில் ஒரு புறாவின் காலில் வளையம் இருந்தது என்று சந்தேகப்பட்டு, எட்டு மாதம் அடைத்து வைத்தார்கள். விசாரித்தால், அது தைவான் நாட்டுப் பந்தயப் புறா! 2024 ஜனவரியில்தான் அதைப் பறக்க விட்டார்கள். விஷயம் தெரியாததால் வந்த வினை இது.

அந்த வளையம் உண்மையில் ஒரு தபால். 1899-ல் டென்மார்க் நாட்டுப் பள்ளி ஆசிரியர் மார்டென்சன் என்பவர், மைனா இனப் பறவைகளின் காலில் எண்ணும் விலாசமும் பொறித்த அலுமினிய வளையம் மாட்டி விட்டார். கண்டெடுத்தவர்கள் எழுதிப் போட்டார்கள். பறவை போன ஊர் தெரிந்தது. நம் கோடியக்கரையிலும் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்து வருகிறது. அங்கே பறவை பிடித்துக் கொடுத்தவர்களில் முக்கியமானவர் பீகாரிலிருந்து வந்த அலி உசேன். பரம்பரையாகப் பறவை பிடிக்கிற குடும்பம். ஒரு சிறகும் ஒடியாமல் பிடிக்கிற கைப்பழக்கம் அவருக்கு. வேட்டைக்கு உதவிய அதே கை ஆராய்ச்சிக்கு உதவியது.

சரி, அடையாளம் மாட்டுவதால் ஜீவனுக்கு நோகாதா? நல்ல கேள்வி. மாடு வளர்க்கிற உங்களுக்கு இது நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. அந்தக் காலத்தில் மாட்டுக்குச் சூடு போட்டோம். இப்போது காதிலே வில்லை குத்துகிறோம். கன்றுக்குட்டி கழுத்தில் கட்டின கயிற்றைத் தளர்த்த மறந்தால் என்ன ஆகும்? கன்று வளரும், கயிறு வளராது. சதைக்குள்ளே இறங்கிப் புழு வைத்துவிடும். காட்டு மிருகத்துக்குப் பட்டை கட்டினாலும் இதே கதைதான். ஒரே வித்தியாசம், நம் கன்று சாயங்காலம் கொட்டகைக்கு வரும், தளர்த்தி விடலாம். காட்டிலே போனது திரும்பி வராது.

பட்டையால் கெடுதல் வந்ததும் உண்டு. தென்கடல் தீவில் ராஜ பெங்குவின்களின் துடுப்புச் சிறகில் உலோகப் பட்டை மாட்டி, பத்து ஆண்டு கவனித்தார்கள். பட்டை மாட்டினவை, மாட்டாதவற்றைவிட 39 சதவீதம் குறைவாகக் குஞ்சு எடுத்தன. பிழைத்ததும் 16 சதவீதம் குறைவு. 2011-ல் இது வெளிவந்தது. அடையாளமே ஆளைக் கெடுத்தால், கிடைக்கிற கணக்கும் பொய்க் கணக்குதானே?

அதனால் இன்றைக்குச் சில கட்டுப்பாடுகள் வைத்திருக்கிறார்கள்.

முதலாவது, எடை. பறவையின் எடையில் நூற்றுக்கு மூன்று பங்குக்கு மேல் சுமை ஏற்றாமல் இருப்பது நல்லது என்பது பொதுவான கணக்கு. அறுபது கிலோ ஆளுக்கு ரெண்டு கிலோ அரிசிகூட வராது. 25 கிராம் உள்ளானுக்கு முக்கால் கிராம்தான். ஆகவே அதற்கு லேசான வளையமே போதும்.

இரண்டாவது, வளையம் காலில் தாராளமாகச் சுழல வேண்டும். ஆனால் பாதத்தின் வழியே நழுவக் கூடாது.

மூன்றாவது, கருவியை முதுகில் கட்டும் வாரிலே ஓரிடத்தில் பருத்தி நூலால் தைப்பது. வெயிலிலும் மழையிலும் நூல் இற்றுப்போகும். கருவி தானே கழன்று விழும். தைத்த நூலே சாவி.

நான்காவது, குத்தாமல் ஒட்டுவது. கடலாமையின் துடுப்பில் உலோக வில்லை குத்துவது பழைய வழி, இன்றும் உண்டு. செயற்கைக்கோளுக்குச் செய்தி அனுப்பும் கருவியை ஓட்டின் மேல் பசையால் ஒட்டி விடுகிறார்கள். நாளாவட்டத்தில் அது உதிர்ந்துவிடும்.

இவ்வளவு பாடுபட்டு என்ன பயன் என்கிறீர்களா? நாகாலாந்தில் பாங்க்டி என்று ஒரு கிராமம். அமூர் வல்லூறு என்ற சின்னப் பறவை அங்கே ஆண்டுதோறும் லட்சக்கணக்கில் தங்கிப் போகும். 2012-ல் அதை வலை வீசிப் பல்லாயிரக்கணக்கில் பிடித்து விற்றார்கள். அடுத்த ஆண்டு ஊரார் கூடி வேட்டையை நிறுத்தினார்கள். 2013 நவம்பரில் மூன்று பறவைகளின் முதுகில் 5 கிராம் கருவி கட்டி, நாகா, வோக்கா, பாங்க்டி என்று பெயர் வைத்தார்கள். அவை கடல் தாண்டி ஆப்பிரிக்காவுக்குப் பறந்த செய்தி நாளுக்கு நாள் வந்தது. தம் ஊர்ப் பெயரைச் சுமந்துகொண்டு ஒரு பறவை கடல் தாண்டினால், அதைக் கறியாக்க மனசு வருமா?

நெல்லிலே வாத்து மேய்கிறது என்று நீங்கள் சொல்வதை நான் மறுக்கவில்லை. எங்கே தங்குகிறது, எந்த நேரம் கிளம்புகிறது என்று தெரிந்தால்தானே காவலுக்கு வழி சொல்ல முடியும்? விஷம் வைத்தால் வாத்தோடு போகாது. நம் ஆடு மாடு குடிக்கிற தண்ணியும் கெடும்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது.

வளையத்தோடு பறவை உயிரோடு அகப்பட்டால், வளையத்தைக் கழற்றாதீங்க. எண், எழுத்து, நிறம், எந்தக் கால் என்பதைக் குறித்துக்கொண்டு, கைபேசியில் படம் எடுத்துப் பறக்க விடுங்க. செத்துக் கிடந்தால் வெறுங்கையால் தொடாதீங்க, பறவைக் காய்ச்சல் இருக்கலாம். படம் எடுத்தாலே போதும். வலையில் ஆமை சிக்கினால் வலையை அறுங்க, துடுப்பை அறுக்காதீங்க. ஓட்டின் மேல் பெட்டி இருந்தால் பெயர்க்காதீங்க. தேதி, இடம் எழுதி வனச்சரக அலுவலகத்திலோ பம்பாய் கழகத்துக்கோ தெரிவியுங்க. பார்த்ததைச் சொல்வது குற்றமல்ல, வேட்டையாடுவதுதான் குற்றம்.

யாரோ எங்கிருந்தோ போட்ட தபால் அது. அதைச் சேற்றில் எறிந்தால் ஆயிரக்கணக்கான மைல் பயணம் வீண். விலாசத்தில் சேர்ப்பது நம்ம கையிலே இருக்கு.