ஆங்கில வகுப்பில் பூநகரி



யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் பொறியியல் பீடமும் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கின்றன. பாடமெல்லாம் ஆங்கிலத்தில். ஆகவே ஆங்கில வகுப்பு அங்கே அலங்காரமல்ல. அந்த வகுப்பில் எதை வாசிக்கக் கொடுப்பது என்பதே என் கேள்வி. விமான நிலைய உரையாடல் போதும் என்பவர்கள், இந்த மண்ணின் விதி எந்த மொழியில் எழுதப்படுகிறது என்று பார்க்க வேண்டும். மன்னாரிலும் பூநகரியிலுமாக 484 மெகாவாட் காற்றாலைத் திட்டம் வந்தது. வலசைப் பறவைகளின் பாதையைக் காட்டி மன்னார்ப் பகுதிக்கு எதிராக சுற்றாடல் அமைப்புகள் 2024இல் உயர் நீதிமன்றம் வரை போயின. 2025 பெப்ரவரியில், திட்டத்தை ஏற்றிருந்த அதானி நிறுவனம் விலகிக்கொண்டது. நாளை வேறொரு நிறுவனம் வரலாம். 1980ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் சட்டமும் அதன் 1988ஆம் ஆண்டுத் திருத்தமும், இத்தகைய திட்டங்களின் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கைக்குக் கருத்துச் சொல்லப் பொதுமக்களுக்குத் தரும் அவகாசம் 30 நாள். அந்த அறிக்கையைத் தமிழில் கேட்பது நம் உரிமை. அதை விட்டுக்கொடுக்கக் கூடாது. ஆனாலும் சுருக்கத்தை மட்டும் தமிழில் படித்தவர், ஆங்கில மூலத்தில் விடுபட்டதை எப்படிக் கண்டுபிடிப்பார்? ஆகவே இத்தகைய அறிக்கைகளையே வகுப்பில் வாசிக்கக் கொடுக்க வேண்டும்.

‘மொழி ஆசிரியருக்குச் சூழலியல் தெரியுமா?’ என்பார்கள். தெரிய வேண்டியதில்லை. ‘மரங்கள் அகற்றப்படும்’ என்ற வசனத்தில் அகற்றுபவர் எங்கே போனார் என்று கேட்பது இலக்கண வேலை. மொழியியலாளர் ஹாலிடே 1990இல் கிரேக்க நாட்டின் தெசலோனிக்கியில் பேசியபோது, உயிரினங்களின் அழிவு உயிரியலாளருக்கு மட்டுமல்ல, மொழியியலாளருக்கும் உரிய பிரச்சினை என்றார். வேலைவாய்ப்புத்தான் முக்கியம் என்ற வாதம் இன்னும் பலவீனமானது. மொட்டைக்கறுப்பன் நெல் விளையும் வயலில் உவர் ஏறுவதை ஆங்கிலத்தில் அறிக்கையாக எழுதத் தெரிந்த விவசாயப் பட்டதாரிக்கு அதுவே தொழில்.

ஒரு பயம் மட்டும் நியாயமானது: வகுப்பு பிரசார மேடையாகிவிடும் என்பது. காற்றாலை கரி உமிழ்வைக் குறைக்கிறது. அதே காற்றாலை பறவைக்கு ஆபத்தாகலாம். இரண்டையும் மேசையில் வையுங்கள். முடிவை ஆசிரியர் சொல்லக் கூடாது. பரீட்சையில் மத்திய சுற்றாடல் அதிகார சபைக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதச் சொல்லுங்கள். ஆதரவோ ஆட்சேபனையோ, புள்ளி ஆதாரத்துக்கும் ஆங்கிலத்துக்கும் மட்டும்.