ஒப்பிடும்போது எதைப் பார்க்கிறோம்?



இத்தாலிய நடிகை ஜூலியெட்டா மசீனாவைப் பலர் ‘பெண் சாப்ளின்’ என்று அழைத்தார்கள். இந்த ஒப்பீடு எவ்வளவு தூரம் பொருந்துகிறது என்று பார்ப்போம்.

ஒற்றுமை எளிதில் தெரியும். அவருடைய கணவர் ஃபெலினி இயக்கிய ‘லா ஸ்ட்ராடா’ 1954இல் வெளிவந்தது. அதில் மசீனா ஏற்ற பாத்திரம் ஜெல்சொமினா. வறுமையால் பெற்ற தாயே அவளைத் தெருவில் வித்தை காட்டும் ஒருவனிடம் பத்தாயிரம் லீராவுக்கு விற்றுவிடுகிறாள். தலையில் வட்டத் தொப்பி, முகத்தில் கோமாளிச் சாயம். அவள் அதிகம் பேசுவதில்லை. பயமும் ஆசையும் கண்ணிலும் நடையிலும் தெரிந்துவிடும். 1914இல் திரைக்கு வந்த சாப்ளினின் நாடோடியும் பேசாமலே நமக்கு நெருக்கமானவன்.

இனி வேறுபாட்டைக் கவனியுங்கள். ‘தி டிராம்ப்’ (1915), ‘தி சர்க்கஸ்’ (1928) ஆகிய படங்களின் முடிவில் நாடோடி நமக்கு முதுகைக் காட்டியபடி தனியே நடந்து போகிறான். ‘கபீரியாவின் இரவுகள்’ (1957) படத்தில் மசீனா ஏற்ற கபீரியாவோ வாயாடி, சண்டைக்காரி. நம்பியவன் அவளுடைய சேமிப்பு முழுவதையும் பறித்துக்கொண்டு ஓடிவிடுகிறான். அழுதபடி சாலைக்கு வருகிறாள். இளைஞர்கள் சிலர் இசைத்துக்கொண்டே அவளைச் சூழ்ந்து நடக்கிறார்கள். கண்ணீர் காயும் முன்பே அவள் முகத்தில் புன்னகை அரும்புகிறது. நம்மை நோக்கி நடந்துவருகிறவள், ஒரு கணம் நம்மை நேராகவே பார்க்கிறாள். இந்த நடிப்புக்காக அவ்வாண்டு கான் திரைப்பட விழாவில் சிறந்த நடிகை விருது மசீனாவுக்குக் கிடைத்தது. ‘பெண் சாப்ளின்’ என்ற பட்டத்தோடு நின்றுவிட்டால் இந்தப் பார்வை நம் கண்ணில் படாமலே போய்விடும்.

வகுப்பறையில் நாமும் ஒப்பிடுகிறோம். “உன் அக்கா எவ்வளவு நன்றாகப் படித்தாள், நீ ஏன்பா இப்படி?” என்று கேட்டுவிடுகிறோம். அந்தப் பையன் அக்காவின் நிழலாகவே ஐந்தாறு ஆண்டுகளைக் கழிக்கிறான். அவன் கை எதில் தேர்ந்தது என்று பார்க்க நமக்குத் தோன்றுவதில்லை.

ஒப்பிடுவது தவறில்லை, புதியதை அறிய அது முதல் படி. அடுத்த படியையும் ஏற வேண்டும். மேல் வகுப்புகளுக்கு இந்த இரண்டு இறுதிக் காட்சிகளையும் ஒலியில்லாமல் திரையிடுங்கள். எங்கே ஒத்திருக்கிறார்கள், எங்கே வேறுபடுகிறார்கள் என்று இரண்டு கேள்விகள் மட்டும் கேளுங்கள். பிறகு உங்கள் வருகைப் பதிவேட்டைத் திறந்து, ஒவ்வொரு பெயருக்கும் அந்த இரண்டாம் கேள்வியை உங்களையே கேட்டுப் பாருங்கள். எந்தப் பெயருக்கு விடை வரவில்லையோ, நாளை அந்தக் குழந்தையின் அருகில் சற்று நேரம் அமருங்கள்.