பாரிஸுக்குத் தெரியாத வானம்



1689 டிசம்பரில் ரிஷோ பாதிரியார் நம்ம புதுச்சேரியிலிருந்து வால்மீன் பார்த்தபோதுதான், ஆல்ஃபா சென்டாரி ஒன்றல்ல, இரட்டை விண்மீன் என்று கண்டார். பாரிஸில் அது உதிக்கவே உதிக்காது!

அதன் அருகே ஒமேகா சென்டாரி. மே நடுவில், இரவு 10 மணிக்குத் தெற்கே 30 டிகிரி உயரம். வெறுங்கண்ணுக்கு மங்கல் புள்ளி. 6 அங்குலத் தொலைநோக்கியில் ரவையைக் கொட்டின மாதிரி. சுமார் ஒரு கோடி விண்மீன்கள், 17,000 ஒளியாண்டு தூரத்தில்.

படம் எடுக்கிறவங்க ரொம்ப நேரம் திறந்து வைக்காதீங்க, நடுப்பகுதி வெளுத்துப்போகும். வானத்தோடு திரும்பும் மோட்டார் தாங்கியில் 30 வினாடிப் படங்கள் நூறு எடுத்து, கம்ப்யூட்டரில் அடுக்கணும். கடற்காற்று ஈரத்தை அடிக்கடி துடைக்கணும்.

சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். மே மாதம் பத்து இரவுகள் மட்டும் மொட்டை மாடித் தென்பக்க விளக்கை அணைக்க அனுமதி வாங்கித் தாருங்கள். தொலைநோக்கியை நான் கொண்டுவருகிறேன்.