கிழமாடு படுத்த பிறகா கன்று தேடுவது?

(ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)

தோழர்களே!

போர் விமானத்துக்கும் நம் கூலிக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். சம்பந்தம் உண்டு. துணியிலும் சோப்பிலும் நாம் கட்டும் வரிதான் விமானமாகப் பறக்கிறது. ஆகவே கணக்குக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

நமது விமானப் படைக்கு 42 ஸ்குவாட்ரன்கள் வேண்டும் என்பது சர்க்காரே ஒப்புக்கொண்ட அளவு. 1963-ல் நம் படையில் சேர்ந்த மிக்-21 வகை, 2025 செப்டம்பர் 26-ல் சண்டிகரில் விடைபெற்றபோது மிஞ்சியது 29. உழவு மாட்டுக்கு வயதாகிறது என்று தெரிந்ததும் குடியானவன் கன்றை வளர்க்கத் தொடங்குகிறான். 62 ஆண்டு பறந்த விமானத்துக்கு மாற்றை ஏன் காலத்தில் தயார் செய்யவில்லை? பழைய விமானங்களில் ஏறி விபத்தில் மாண்ட இளைஞர்களின் தாய்மார்களுக்கு யார் பதில் சொல்வது?

நம் தொழிலாளிக்குத் திறமை இல்லையா? 1961-லேயே பெங்களூர் ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை ‘மாருத்’ போர் விமானத்தைப் பறக்கவிட்டது. வடிவமைத்த குழுவுக்குத் தலைவர் ஜெர்மன் நிபுணர் குர்ட் டாங்க். கட்டியவை நம் கைகள். ஆனால் அதற்கு ஏற்ற வலுவான என்ஜினுக்கு வழி செய்யவில்லை. மொத்தம் 147 விமானங்களோடு அது நின்றது. சோவியத் நாடு தொழில்நுட்பம் தந்தபோது நாசிக்கில் 600-க்கும் மேற்பட்ட மிக்-21 விமானங்களைக் கட்டியதும் நம் தொழிலாளர்களே!

பிறகு நடந்தது என்ன? தேஜஸ் திட்டத்துக்கு 1983-ல் அனுமதி கிடைத்தது. அது முதலில் பறந்தது 2001-ல். முதல் ஸ்குவாட்ரன் 2016-ல். அது இன்று நம் கோவைக்கு அருகே சூலூரில் இருக்கிறது. அதற்கென்று 1989-ல் தொடங்கிய ‘காவேரி’ என்ஜின் 2008-ல் திட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. ஆகவே அமெரிக்க என்ஜினுக்குக் கையேந்தினார்கள். 1998 அணுச் சோதனைக்குப் பிறகு அமெரிக்கா தடை விதித்து இதே தேஜஸின் வேலையை முடக்கியது. அப்போதும் பாடம் படிக்கவில்லை. 2021-ல் 83 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தார்கள். 2024-ல் வரத் தொடங்க வேண்டியவை தவணை தவறின. அவற்றுக்கான 99 என்ஜின்களில் முதலாவதை அமெரிக்கக் கம்பெனி அனுப்பியதே 2025 மார்ச்சில்தான்!

வெளியில் வாங்கிய கதை இன்னும் மோசம். 2007-ல் 126 விமானங்களுக்கு டெண்டர். 2012-ல் பிரெஞ்சு ‘ரஃபேல்’ தேர்வு. அவற்றில் 108-ஐ நம் பொதுத்துறை ஆலையிலேயே கட்டுவதாகத் திட்டம். 2015-ல் பிரதமர் மோடி பாரிஸில் அறிவித்தது 36 மட்டுமே. அத்தனையும் அங்கே கட்டியவை. 2016 ஒப்பந்தத்தில் விலை சுமார் 59,000 கோடி ரூபாய். வேலையும் தொழில்நுட்பமும் நம் ஆலைக்கு வரவில்லை. 2019 அக்டோபரில் அந்த ஆலைத் தொழிலாளர்கள் சம்பளத் திருத்தம் கேட்டு வேலைநிறுத்தம் செய்ய வேண்டியிருந்தது!

நாட்டின் பாதுகாப்பை நாம் எதிர்க்கவில்லை. எல்லையில் நிற்பவர்கள் நம் பிள்ளைகள். திட்டமில்லாமல் காலத்தைக் கடத்திவிட்டு, நெருக்கடி வந்ததும் அந்நிய ஏகபோகக் கம்பெனி கேட்ட விலையைக் கொடுப்பதைத்தான் எதிர்க்கிறோம்.

இருபதாண்டுத் திட்டத்தைப் பார்லிமெண்டில் வை! என்ஜினை இங்கேயே செய்யப் பணம் ஒதுக்கு! பொதுத்துறை ஆலையைக் காப்பாற்று, அதன் தொழிலாளிக்கு நியாயமான கூலி கொடு! இதுவே நமது கோரிக்கை. ஆலை வாயிலிலும் களத்து மேட்டிலும் இதைப் பேசுவோம், தோழர்களே!