மதிப்பெண்ணுக்கும் உதவித்தொகைக்கும் நடுவே

(நம் குடியிருப்போர் நலச் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மே மாதம் 12ஆம் வகுப்புத் தேர்வு முடிவு வந்ததும் நம் வாட்ஸ்அப் குழுவில் வாழ்த்து குவிகிறது. பூங்கொத்துப் படம், கைதட்டும் படம், இனிப்பு எல்லாம் வருகின்றன. இரண்டு நாளில் அது அடங்கிவிடும். அந்த மதிப்பெண்ணை வைத்து உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் காலம் அதற்குப் பிறகுதான் வருகிறது. அப்போது பிள்ளை புதுக் கல்லூரியில் இருப்பார், பெற்றோர் விடுதிக்கும் பஸ்ஸுக்கும் பணம் கட்டிக்கொண்டிருப்பார்கள். யாருக்கும் நினைவு வராது.

நான் இன்று சொல்ல வந்தது ஒன்றுதான். நல்ல மதிப்பெண் தானாகப் பணமாக மாறாது. நடுவில் சில காகிதங்கள், சில தேதிகள், ஒவ்வோர் ஆண்டும் செய்ய வேண்டிய புதுப்பித்தல் இருக்கின்றன. படிப்பில் ஜெயித்த பிள்ளைகள் பலர் உதவித்தொகையைத் தவறவிடுவது இந்த இடத்தில்தான்.

இதற்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. நம் சேத்தியாத்தோப்பு வழியாகப் போகும் தஞ்சாவூர் சாலையில் இருக்கிறது கும்பகோணம். கணித மேதை இராமானுஜன் 1904இல் அங்கே பள்ளிப் படிப்பை முடித்தார். கணிதத்துக்குப் பரிசு வாங்கினார். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையும் கிடைத்தது. கணிதத்திலேயே மூழ்கியவர் மற்றப் பாடங்களில் தோற்றார். உதவித்தொகை போயிற்று. பிறகு பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேர்வில் தேற முடியவில்லை. 1912இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு எழுத்தர் வேலை. 1913இல்தான் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. அவ்வளவு பெரிய அறிவுக்கே, உதவித்தொகையைத் தக்கவைக்கும் நிபந்தனை தடையாக நின்றது. நம் பிள்ளைகள் அந்த நிபந்தனையை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

இப்போது வகுப்பு வாரியாகப் பார்ப்போம்.

8ஆம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். தேர்வு. அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளி மாணவர்களுக்கானது. குடும்ப ஆண்டு வருமானம் ரூ.3.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். மனத்திறன் 90 கேள்வி, படிப்புத்திறன் 90 கேள்வி. தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 6,695 இடங்கள். தேர்வானால் 9 முதல் 12ஆம் வகுப்பு வரை மாதம் ரூ.1,000, மொத்தம் ரூ.48,000. ஆனால் 10ஆம் வகுப்பில் 60 சதவீதம் எடுத்தால்தான் 11, 12இலும் தொடரும். பட்டியல் இன, பழங்குடி மாணவர்களுக்கு 5 சதவீதத் தளர்வு உண்டு.

9ஆம் வகுப்பில் ஊரகத் திறனாய்வுத் தேர்வு. ஊராட்சி, பேரூராட்சிப் பகுதிப் பள்ளிகளுக்கு மட்டும். நம் சேத்தியாத்தோப்பு பேரூராட்சி என்பதால் இங்கே படிப்பவர்கள் எழுதலாம். வருமான வரம்பு ரூ.1 லட்சம். ஒவ்வொரு மாவட்டத்திலும் 50 மாணவர், 50 மாணவியர். ஆண்டுக்கு ரூ.1,000 என்பது சிறிய தொகைதான். ஆனால் அடுத்த தேர்வுகளுக்கு இது நல்ல பயிற்சி.

அரசுப் பள்ளியில் படிப்பவர்களுக்கு முதலமைச்சரின் திறனாய்வுத் தேர்வு உண்டு. 500 மாணவர், 500 மாணவியர் தேர்வாகிறார்கள். ஆண்டுக்கு ரூ.10,000, இளநிலைப் பட்டம் முடியும் வரை. கல்லூரிக்கும் கூடவே வரும் பணம் என்பது இதன் சிறப்பு.

தனியார் பள்ளியில் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு ஒன்றும் இல்லையா என்று கேட்பீர்கள். 11ஆம் வகுப்பில் தமிழ் மொழி இலக்கியத் திறனறித் தேர்வு இருக்கிறது. சி.பி.எஸ்.இ. மாணவர்களும் எழுதலாம். கேள்விகள் 10ஆம் வகுப்புத் தமிழ்ப் பாடநூல் தரத்தில் இருக்கும். 1,500 பேருக்கு மாதம் ரூ.1,500 வீதம் 2 ஆண்டுகள். இதில் பாதி இடங்கள் அரசுப் பள்ளிகளுக்கு, மீதிப் பாதிக்கு மற்றப் பள்ளிகளோடு தனியார் பள்ளிகளும் போட்டியிடலாம். இன்னொன்று: நம்மில் சிலர் படித்த காலத்தில் என்.டி.எஸ்.இ. தேர்வு பெரிய பெயர் பெற்றது. 2021க்குப் பிறகு அது நடக்கவில்லை. அதற்கென்று பணம் கட்டிப் பயிற்சி வகுப்பில் சேர்த்துவிடாதீர்கள்.

அடுத்து கல்லூரிக்கு வருவோம்.

12ஆம் வகுப்பு மதிப்பெண்ணை மட்டும் பார்த்து மத்திய அரசு தரும் உதவித்தொகை ஒன்று உண்டு. இதற்கு மாவட்ட முதலிடம் வேண்டாம். உங்கள் பிள்ளை எழுதிய வாரியத்தில், அதே பாடப்பிரிவில் தேறிய 100 பேரில் 80 பேரைவிட மேலே இருந்தால் விண்ணப்பிக்கலாம். குடும்ப வருமானம் ரூ.4.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். முதல் 3 ஆண்டுகள் ஆண்டுக்கு ரூ.12,000. பி.இ. படித்தால் 4ஆம் ஆண்டில் ரூ.20,000, ஆக மொத்தம் ரூ.56,000. நாடு முழுவதும் ஆண்டுக்கு 82,000 பேர், அதில் பாதி பெண்கள். ஒவ்வோர் ஆண்டும் 50 சதவீத மதிப்பெண்ணும் 75 சதவீத வருகையும் இருந்து, இணையத்தில் புதுப்பித்தால்தான் தொடரும். முதலாண்டு வாங்கிவிட்டு இரண்டாம் ஆண்டு புதுப்பிக்க மறந்தால் அந்த ஆண்டுப் பணம் போச்சு.

பொறியியல் சேரும் பெண்களுக்கு ஏ.ஐ.சி.டி.இ.யின் பிரகதி திட்டம் ஆண்டுக்கு ரூ.50,000 தருகிறது. வருமான வரம்பு ரூ.8 லட்சம் என்பதால் நம் வீடுகள் பலவும் இதில் அடங்கும். ஒரு குடும்பத்தில் 2 பெண்கள் வரை பெறலாம். முதலாண்டிலேயே விண்ணப்பிக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. ஒரு திட்டத்தில் பணம் வாங்கினால் வேறொன்று கிடைக்காமல் போகலாம். நான் முதலில் சொன்ன மத்திய உதவித்தொகை, வேறு உதவித்தொகையோ கட்டணச் சலுகையோ பெறுபவருக்கு இல்லை. முதல் பட்டதாரி கட்டணச் சலுகை பெறுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். எது கூடுதல் என்று தாளில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

காகிதங்களுக்கு வருகிறேன். வருமானச் சான்றிதழை இ-சேவை மையத்தில் முன்கூட்டியே வாங்கி வையுங்கள். பிள்ளையின் பெயரில் வங்கிக் கணக்கு வேண்டும், அது ஆதாரோடு இணைந்திருக்க வேண்டும். நம் ஊரில் பெரிய சிக்கல் இனிஷியல். மதிப்பெண் பட்டியலில் இனிஷியல் முன்னால் இருக்கும், ஆதாரில் அப்பா பெயர் பின்னால் முழுதாக இருக்கும், வங்கியில் இரண்டும் இருக்காது. 10ஆம் வகுப்பிலேயே மூன்றையும் ஒன்றாக்கிவிடுங்கள். தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பித்ததோடும் வேலை முடியவில்லை. கல்லூரி அதைச் சரிபார்த்து மேலே அனுப்ப வேண்டும். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் ஆனாலும், சி.முட்லூர் அரசு கலைக் கல்லூரி ஆனாலும், உதவித்தொகைப் பிரிவில் போய், “என் விண்ணப்பம் சரிபார்த்தாகிவிட்டதா?” என்று பிள்ளை நேரில் கேட்க வேண்டும்.

தனியார் கல்லூரிகள் ‘மெரிட் ஸ்காலர்ஷிப்’ என்று விளம்பரம் செய்கின்றன. 50 சதவீதம் தள்ளுபடி என்றால் நான்கு கேள்வி கேளுங்கள். கல்விக் கட்டணத்துக்கு மட்டுமா, விடுதிக்கும் சேர்த்தா? முதலாண்டுக்கு மட்டுமா, எல்லா ஆண்டுக்குமா? எத்தனை மதிப்பெண் குறைந்தால் நின்றுபோகும்? இதை எழுத்தில் தருவீர்களா? பதில் எழுத்தில் வராவிட்டால், தள்ளுபடி இல்லாமல் 4 ஆண்டுக்கும் கட்ட முடியுமா என்று பார்த்துவிட்டுச் சேருங்கள்.

கடைசியாக ஒன்று. நான் சொன்ன வருமான வரம்புகளைக் கேட்டு, “இது நமக்கு இல்லையே” என்று சிலர் நினைத்திருப்பீர்கள். ஆனால் நம் வாசலில் இரவு முழுவதும் காவல் இருக்கும் அண்ணன், படிக்கட்டு பெருக்கும் அக்கா, வீட்டு வேலைக்கு வரும் அம்மா, இவர்களின் பிள்ளைகள் அரசுப் பள்ளியில் படிக்கிறார்கள் என்றால், இவற்றில் பெரும்பாலானவை அவர்களுக்காகவே இருக்கின்றன. அரசுப் பள்ளியில் கட்டணமும் பாடநூல் செலவும் இல்லை. ஆகவே என்.எம்.எம்.எஸ். பணத்தைத் தபால் நிலையத்தில் மாதாமாதம் போட்டு வைத்தால், கல்லூரி சேரும்போது கையில் அரை லட்சம் இருக்கும். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி போனால், பெண்ணுக்குப் புதுமைப் பெண், பையனுக்குத் தமிழ்ப் புதல்வன், மாதம் ரூ.1,000. 7.5 சதவீத ஒதுக்கீட்டில் பொறியியல் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதி, போக்குவரத்து மூன்றையும் அரசே கட்டுகிறது. நல்ல மதிப்பெண் எடுத்த ஒரு பெண்ணை, “பணம் இல்லை, வேலைக்கு அனுப்புகிறோம்” என்று வீட்டில் நிறுத்த அவசியமே இல்லை. இதை அவர்களுக்கு யாராவது உட்கார வைத்துச் சொல்ல வேண்டும்.

நம் சங்க அறையில் கணினி இருக்கிறது, பிரிண்டர் இருக்கிறது. மாதத்தில் ஒரு ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் அந்த அறையைத் திறந்து வைப்போம். நம் பிள்ளைகளின் விண்ணப்பத்தையும் அங்கேயே போடுவோம், அவர்கள் பிள்ளைகளின் விண்ணப்பத்தையும் போடுவோம். தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்கக் கட்டணம் எதுவும் கிடையாது, அதற்கு யாராவது பணம் கேட்டால் ஏமாற்று வேலை என்று அர்த்தம். கணினி தெரிந்த கல்லூரிப் பிள்ளைகள் இரண்டு பேரும், வங்கி அல்லது அலுவலக அனுபவம் உள்ள பெரியவர் ஒருவரும் முன்வந்தால் போதும். முன்வருபவர்கள் இன்றே செயலாளரிடம் பெயர் கொடுங்கள். இன்று வீடு திரும்பும்போது காவலர் அண்ணனிடம், “பிள்ளை எந்த வகுப்பு படிக்கிறார்?” என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள்.